அழுகையை மறைத்த முகம்: எம். ஜி. இராமச்சந்திரனின் நடிப்பும் குரலும்

நடிகன் ஒருவனின் கலையை ஆராயப் புகுவார் அவன் வாழ்க்கையையும் ஆராய்தல் வேண்டுமோ என்பது திறனாய்வாளரிடையே நெடுநாளாய் நிலவிவரும் வினாவாகும். புலவன் ஒருவனின் வாழ்க்கை முற்றும் மறைந்துபோயினும் அவன் பாட்டு எஞ்சி நிற்கும். சங்கச் சான்றோர் பலரின் பெயர்களைத்தாமும் நாம் அறியோம். அதனால் அவர்தம் செய்யுட்களுக்குக் குறைவொன்றுமில்லை. நடிகனின் நிலை வேறு. அவன் கையாளும் கருவி அவன் உடலும் குரலுமே. அவற்றிற்கு நேரும் ஊறு கலைக்கு நேரும் ஊறாகவே முடியும். இவ்வுண்மைக்கு எம். ஜி. இராமச்சந்திரனின் வாழ்க்கையினும் சிறந்த சான்று தமிழ்த் திரையுலகிற் காண்டல் அரிது. எனினும் அவரைப் பற்றி எழுதப்பெற்றனவற்றுள் பெரும்பகுதி போற்றியுரையாகவோ தூற்றியுரையாகவோ நின்றுவிட்டதேயன்றி, நடிப்பை நடிப்பாக எடுத்து ஆராய்ந்தது சிறுபான்மையே.

மகாவலியின் கரையிலே கண்டிக்கு அண்மையில் உள்ள நாவலப்பிட்டியில் 1917 ஆம் ஆண்டு சனவரி 17 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் மருதூர் கோபால மேனன், தாயார் சத்தியபாமா. மகன் குழந்தையாய் இருக்கும்போதே தந்தையார் மறைந்தார். குடும்பம் இலங்கையை விட்டு நீங்கிற்று. கும்பகோணத்தில் வறுமையின் கொடுமை தாங்காது தாயார் தம் புதல்வர் சக்கரபாணியையும் இராமச்சந்திரனையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார். சோற்றுக்காக மேடையேறிய சிறுவர் அக்காலத்திற் பலர்; அவ்விருவரும் அவருள் அடங்குவர்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையிற் குரலே சிறுவனின் முதல். கணீரென்ற குரல் உள்ளவனுக்கு இராசபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கிட்டும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தவன் பின்வரிசைக்குத் தள்ளப்படுவான். குரல் எந்நாளும் நிலையானதன்று என்னும் பாடத்தை அக்கம்பெனிகளில் வளர்ந்த ஒவ்வொருவனும் மீசை அரும்பும் முன்னரே கற்றுக்கொண்டான். பிற்காலத்தில் நேர்ந்ததை நோக்குமிடத்து இச்செய்தி மறக்கத்தக்கதன்று.

அவர் முதன்முதல் நடித்த படம் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936 இல் வெளிவந்த சதி லீலாவதி. கதாநாயகனாய் நடித்த எம். கே. ராதா, நாடகாசிரியர் கந்தசாமி முதலியாரின் மைந்தர். இராமச்சந்திரனுக்குக் கிடைத்ததோ காவல்துறை ஆய்வாளராகச் சிறிது நேரம் தோன்றும் வேடமே. அப்படத்தின் நாயகன் குடியாற் கெட்டு இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்திற் கூலியாய் உழைக்கிறான். தோட்டங்கள் சூழ்ந்த ஊரிற் பிறந்து, வறுமையால் அக்கரை சேர்ந்த ஒருவரின் முதற் படத்திலேயே கதை இக்கரை நோக்கி வருகின்றது. மலையகத்தார் இதனை நினைந்து புன்னகை செய்தல் இயல்பே. முதற் படத்திலிருந்து ராஜகுமாரியில் (1947) நாயகனாகும் வரை பதினோராண்டுகள் கழிந்தன. முப்பது வயதிலே நாயகனானவர் அவர்.

நடிகர் குடும்பம் என்னும் பெயர் அவர்தம் குடும்பத்துக்கு முற்றும் பொருந்தும். தமையனார் எம். ஜி. சக்கரபாணி தேர்ந்த குணசித்திர நடிகர். 1956 இல் வெளிவந்த அலிபாபாவும் 40 திருடர்களும் என்னும் வண்ணப்படத்தில் ஏழைத் தம்பி அலிபாபாவாக இராமச்சந்திரனும், பேராசை கொண்ட தமையன் காசிமாகச் சக்கரபாணியும் நடித்தனர். ஒரே தட்டில் உண்டு வளர்ந்த இருவர் பகைகொண்ட உடன்பிறப்புகளாய் நிற்கும் காட்சிகளிற் சக்கரபாணியின் நடிப்பே மேம்பட்டது எனல் வேண்டும். தம்பியின் புகழொளியில் அது மங்கிப்போயிற்று. மனைவியார் வி. என். ஜானகியும் மோகினி (1948), மருதநாட்டு இளவரசி (1950) முதலிய படங்களில் அவருடன் நடித்தவரே.

இனி அவர் நடிப்பின் இயல்பை நோக்குவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்றார். அழுகைக்கு இகழப்படுதல், இழப்பு, நிலை தளர்தல், வறுமை என்பவை களன்கள்; பெருமிதத்துக்குக் கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை என்பவை. இராமச்சந்திரனின் வாழ்க்கையில் அழுகையின் களன்கள் நான்கும் நிறைந்திருந்தன. தந்தையின் மறைவு, இளமைப் பசி, பதினோராண்டு சிறுவேடங்களில் உழன்ற இழிநிலை, முதல் இரு மனைவியரையும் சாவுக்குப் பறிகொடுத்தமை ஆகியவை சிறிய துன்பங்கள் அல்ல. திரையில் அவர் தேர்ந்துகொண்டதோ பெருமிதம் ஒன்றையே. அழவேண்டிய இடம் வந்தால் முகத்தைக் கைகளால் மூடிக்கொள்வார். அல்லது தூணையோ சுவரையோ நோக்கித் திரும்பிக்கொள்வார். இதனை அழத் தெரியாதவரின் தந்திரம் என்று நகையாடினாரும் உளர். அந்நகைப்பு ஒருபுடை நியாயமானதே. சிவாஜி கணேசன் பராசக்தியில் (1952) குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே ஓர் அரங்கை நிரப்பியதைக் கண்டவர்க்கு இது வறிய நடிப்பாகவே தோன்றும். ஆயினும் பசியை நன்கறிந்தவன் பசியை நடித்துக் காட்ட நாணுதலும் உண்டு. மூடிய கைகளுக்குப் பின்னே இருந்தது திறமைக் குறைவு மட்டுமன்று.

அப்பெருமிதத்தையே மலையக மக்கள் விரும்பினர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர் அவர்கள். 1964 அக்டோபரிற் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்கும் என்றும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும் கணக்கிட்டுப் பிரித்தது. அதற்கு மறு ஆண்டு, 1965 இல், இராமச்சந்திரன் பி. சரோஜாதேவியுடன் இலங்கைக்கு விருந்தினராய் வந்தார். இங்குப் பிறந்து அங்குச் சென்றவர் மாலையேற்க வந்த காலமும், இங்குப் பிறந்தோர் அங்குச் செல்லப் பெயர் எழுதப்பட்ட காலமும் ஒன்றாயின. திரையில் அவன் தலைகுனியாமை தோட்டத்து மக்களுக்கு ஏன் அத்துணை இனித்தது என்பதை இப்பின்னணி விளக்கும். அவ்வன்பினாலேயே இப்பகுதியில் அவர் நடிப்பைப் பற்றிய கண்டிப்பான ஆய்வு எழாமற் போயிற்று என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கது.

பெருமிதத்தின் சுமையை அவர் உடல் தாங்கிற்று. வாட்போரிலும் சிலம்பத்திலும் அவர் உடலசைவில் ஓர் ஓசை நயம் உண்டு. சண்டையிடும்போதும் அவர் முறுவலிப்பதை நாடோடி மன்னனில் (1958) காணலாம். அடுத்த ஆண்டே சீர்காழியில் நாடக மேடையில் அவர் காலெலும்பு முறிந்தது. மீண்டும் எழுந்து முன்போற் குதித்தார். உடலுக்கு நேர்ந்த ஊற்றை உழைப்பால் வென்றார் எனலாம். குரலுக்கு நேர்ந்தது அவ்வாறு வெல்லக்கூடியதாய் இருக்கவில்லை.

1966 திசம்பரில் பெற்றால்தான் பிள்ளையா வெளிவந்தது. சாப்ளினின் சிறுவன் என்னும் படத்தைத் தழுவிய கதை. எவரோ விட்டுச்சென்ற குழந்தையை வளர்த்துப் பின் பிரிய நேரும் ஏழையாக அவர் நடித்தார். வழக்கமாய் மூடும் கைகள் இப்படத்திற் சற்றே விலகின, முகம் தெரிந்தது. அழுகைச் சுவைக்கு அவர் மெல்ல மெல்லத் தம்மை இசைவித்துக்கொண்டிருந்தார் என்று கருத இடமுண்டு. இதில் உடன் நடித்தவர் எம். ஆர். ராதா. இரத்தக்கண்ணீரில் (1954) கரகரத்த அடித்தொண்டையினின்று கீச்சுக்குரலுக்கு ஒரே வாக்கியத்தில் தாவிக் குரலையே கலையாக்கிய மேதை அவர். 1967 சனவரி 12 ஆம் நாள் இராமாவரம் தோட்டத்து இல்லத்தில் ராதாவின் துப்பாக்கிக் குண்டு இராமச்சந்திரனின் கழுத்திற் பாய்ந்தது. ராதாவும் காயமுற்றார், பின்னர்த் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். குரலால் வாழ்ந்த ஒரு நடிகர் மற்றொரு நடிகரின் குரலைச் சிதைத்தது தமிழ்மேடை வரலாற்றிற் காணும் கொடிய முரண்.

அவர் பிழைத்தார். கழுத்துக் கட்டுடன் கூடிய படம் சுவரெங்கும் ஒட்டப்பட, மருத்துவமனையில் இருந்தவாறே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அரசியல் வரலாறு இதனை வெற்றியாக எழுதும். கலைவரலாறு வேறொன்றை எழுத வேண்டியுள்ளது. சொற்கள் குழறின; மெல்லெழுத்துகள் மூக்கினூடே கரைந்தன; நீண்ட வாக்கியம் இடையில் தேய்ந்தது. அக்கொடுமைக்கு முன்னர்த் தொடங்கிப் பின்னர் நிறைவெய்திய காவல்காரன் அதே ஆண்டு வெளிவந்தது. ஒரே பாத்திரம் ஒரு காட்சியிற் பழைய குரலிலும் மற்றொன்றிற் புதிய குரலிலும் பேசுவதை அதிற் செவியுள்ளோர் கேட்கலாம். வேறொருவரின் நல்ல குரலைக் கொண்டு நிரப்புதல் சினிமாவில் எளிது. அவர் படங்களோ அவருடைய சிதைந்த குரலிலேயே வந்தன. இம்முடிவு அவர் செய்தவற்றுள் மிகத் துணிவானது.

இதில் விந்தையொன்று உண்டு. பாட்டில் ஒலித்தது டி. எம். சௌந்தரராஜனின் குரல், அதற்கு ஊறில்லை. ஆகவே 1967 இன் பின்னர் அப்பாத்திரங்களுக்கு இரு குரல்கள் அமைந்தன. பாடுங்கால் முழுமை, பேசுங்கால் உடைவு. முன்பு இவ்விரண்டும் ஒன்றாய் மயங்கின. இப்போது இடைவெளி தெரிந்தது. அவ்விடைவெளியை மக்கள் குறையாகக் கொள்ளவில்லை. கைகளால் மூடி மறைத்த அழுகை தொண்டை வழியே தானே கசியத் தொடங்கியது போலும்.

இவ்வகையில் அடிமைப்பெண் (1969) தனித்து ஆராயத்தக்கது. அவரே தயாரித்து, கே. சங்கர் இயக்கிய படம் அது. இளவரசன் வேங்கையன் குழந்தைப் பருவந்தொட்டு நிமிரவியலாத தாழ்ந்த சிறையில் அடைக்கப்பட்டுக் கூனி வளர்கிறான், பேச்சறியான், விலங்கென உண்கிறான். அவனை ஜெயலலிதா ஏற்ற ஜீவா என்னும் பெண் பேசவும் நிமிரவும் பயிற்றுகிறாள். பெருமிதத்தின் உருவாய் நின்றவர் தாமே விரும்பி இளிவரலுக்கு இறங்கிவந்த பகுதி இதுவே. வளைந்த முதுகும், சோற்றை நோக்கும் விழியும், சொல்லைத் தேடித் தடுமாறும் வாயும் வேடமென்று தோன்றவில்லை. பேச்சை மீண்டும் பயிலவேண்டி நேர்ந்த ஒருவர் அதனை நடித்தார் என்பதைக் காண்போர் அறிவர். அவர் நடிப்பின் உச்சம் அப்பகுதியே என்று துணிந்து கூறலாம். அவன் நிமிர்ந்ததும் வழக்கமான வீரன் வந்துவிடுகிறான். படம் மீண்டும் வாட்போருக்குத் திரும்புகின்றது. இன்னும் சிறிது நேரம் கூனியே இருந்திருக்கலாகாதா என்னும் ஏக்கம் எழாமற் போகாது.

அதன்பின் அவர் அவ்வழியிற் செல்லவில்லை. ரிக்‌ஷாக்காரனுக்காக (1971) இந்தியாவின் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. அப்படத்தில் வேகம் உண்டு, சிலம்பம் உண்டு, புதிதாய் ஒன்றும் இல்லை. விருது இரண்டாண்டு பிந்தி, தவறான படத்துக்கு வந்தது. நாயகன் இறக்கும் பாசம் (1962) எதிர்பார்த்த வரவேற்பைப் பெறாமற் போனதினின்று அவர் கற்ற பாடம், தம்மைப் பற்றிய மக்கள் எண்ணத்துக்கு மாறாக நடிக்கலாகாது என்பது. கட்சியின் தேவையும் அப்பாடத்தையே வற்புறுத்திற்று. வயது ஏற ஏற நாயகியர் இளையராயினர்; பாத்திரங்கள் பழுதற்றவராயினர்; பழுதற்ற பாத்திரத்தில் நடிக்க ஒன்றுமில்லை. 1977 இல் முதலமைச்சரானார். மறு ஆண்டு மதுரையை மீட்ட சுந்தரபாண்டியனோடு திரைவாழ்வு நின்றது.

1984 அக்டோபரில் நோய் அவரை வீழ்த்தியது. எஞ்சியிருந்த பேச்சும் போயிற்று. அமெரிக்காவிற் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தவாறே ஆண்டிப்பட்டியில் வென்றார். அத்தேர்தலின்போது, மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகள் ஒளிநாடாவாகத் தமிழகத்து ஊர்தோறும் திரையிடப்பட்டன. மக்கள் திரளாய்க் கூடி அமைதியாய் நோக்கினர். முகம் மூடப்படவில்லை. ஒலித்தது அவர் குரலன்று. விளக்கவுரை கூறிய வேறொருவரின் குரல்.