ஜெர்விஸ் தெரு மருத்துவமனையின் மரணத் தாள்கள்

1920 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்து விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. காலையில் விடுதலைப் படையின் உளவுத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளை அவர்கள் தங்கியிருந்த இடங்களிலேயே சுட்டுக் கொன்றார்கள். பிற்பகல் அதே நகரின் குரோக் பார்க் மைதானத்தில் டப்ளின் அணிக்கும் டிப்பரரி அணிக்கும் கால்பந்து ஆட்டம். கூட்டத்தைச் சோதனையிட வந்த காவல் படை, கூட்டத்தின் மீதே சுட்டது. ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்றும் பின்னர் காயத்தாலும் இறந்தவர்கள் மொத்தம் 14 பேர். டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் அவர்களில் ஒருவர். 10, 11, 14 வயதுச் சிறுவர்கள் மூவரும் உண்டு.

உடல்கள் ஜெர்விஸ் தெரு மருத்துவமனைக்கும் மேட்டர் மருத்துவமனைக்கும் போயின. விசாரணையும் அங்கேயே நடந்தது, கதவைச் சாத்திக்கொண்டு. விசாரித்தவர்கள் ராணுவ அதிகாரிகள்.

அதுவரை அயர்லாந்தில் சந்தேகச் சாவு என்றால் சாவை விசாரிக்கும் அதிகாரியான கரோனர் வருவார், உள்ளூர்க்காரர்கள் ஜூரியாக உட்காருவார்கள், பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொள்வார்கள், இறந்தவரின் குடும்பத்துக்காக வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். 1920 ஆகஸ்டில் வந்த ஒழுங்கு மீட்புச் சட்டம் இந்த ஏற்பாட்டை ஒதுக்கி, ராணுவ விசாரணை மன்றத்தை அதன் இடத்தில் வைக்க வழிசெய்தது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். அந்த ஆண்டு மார்ச்சில் கார்க் நகர மேயர் தோமஸ் மக் கர்ட்டன் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஏப்ரலில் அந்தச் சாவை விசாரித்த ஜூரி கொலைக் குற்றம் சாட்டியவர்களில் முதல் பெயர் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ்.

ஜூரியும் பழுதற்றது அல்ல. 1919 செப்டம்பரில் ஃபெர்மாய் ஊரில் ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அதைக் கொலை என்று சொல்ல ஜூரி மறுத்தது. ஆத்திரத்தில் சிப்பாய்கள் ஊர்க் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். ஜூரி ஒரு பக்கம் சாய்கிறது என்று ராணுவம் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அதே ஜூரி முறைதான் 1917இல் தாமஸ் ஆஷின் சாவை விசாரித்தது. உண்ணாவிரதமிருந்த கைதி அவர். சிறையில் வலுக்கட்டாயமாக உணவு புகட்டிய பிறகு மேட்டர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு, அன்றே இறந்தார். இதயம் நின்றது என்று எழுதிவிட்டு ஜூரி எழுந்துவிடவில்லை. 50 மணி நேரம் குளிர்ந்த தரையில் கிடத்தியதும், பலவீனமான உடம்பில் உணவைத் திணித்ததும் அந்த இதயத்தை நிறுத்தின என்று சொன்னது. காயத்தைக் கண்டவர் மருத்துவர்; காரணத்தைக் கேட்டது ஜூரி.

ராணுவ விசாரணைக் கோப்புகளில் இந்தக் கேள்விதான் காணாமல் போகிறது. மருத்துவர் இருக்கிறார், சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிறார். குண்டு எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது, எந்த உறுப்பைக் கிழித்தது என்ற சில வரிகள். சாட்சி சொன்ன போலீஸ்காரருக்கு மறைக்க ஒன்று இருந்தது, ஊராருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. மருத்துவமனையில் பணியிலிருந்தவருக்கு இரண்டும் குறைவு. அதனால் கோப்பில் நான் முதலில் நம்புவது அவருடைய தாளைத்தான்.

குரோக் பார்க்கில் இறந்த அந்த 14 வயதுச் சிறுவனையே எடுத்துக்கொள்வோம். உடம்பு சிதைந்திருந்த கோலத்தைப் பார்த்தவர்கள், துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றிருக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தார்கள். அதைச் செய்தது குண்டு. குண்டு நுழைந்த துளை சிறிதாக இருக்கும். சுவரிலோ தரையிலோ பட்டுத் திரும்பிய குண்டோ, உடலுக்குள் புரண்ட குண்டோ கத்தி கிழித்தது போலப் பிளந்துவிடும். வதந்தியை நிறுத்த இப்படிப்பட்ட ஒரு வரி போதும்.

ஆனால் அதே வரி எவ்வளவு மெலிந்தது! பல தாள்களில் உடலை வெளியிலிருந்து பார்த்த குறிப்பு மட்டுமே இருக்கிறது. அறுத்துப் பார்த்த தடயம் இல்லை. முதுகில் குண்டு பட்டது என்றால், ஓடினாரா, குனிந்தாரா, பிள்ளையை அணைத்துக்கொண்டு கிடந்தாரா? உடல் தானாகச் சொல்லாது. எவ்வளவு நெருக்கத்தில் சுட்டார்கள் என்பதற்குச் சட்டையில் படிந்த வெடிமருந்துக் கரியைப் பார்க்க வேண்டும். உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் முதலில் கத்தரித்து எறியப்படுவதும் அந்தச் சட்டைதான். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் துருவிக் கேட்க அங்கே இறந்தவர் பக்கத்து வழக்கறிஞருக்குப் பெரும்பாலும் இடமில்லை. "தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்" என்று அந்த ஆண்டுகளில் எத்தனையோ சாவுகளுக்கு எழுதினார்கள். காயத்தின் திசையை அந்தச் சொற்களோடு வைத்து ஒப்பிட ஒரு வாய் இருந்திருந்தால் அந்த முடிவுகளில் பல நிலைத்திருக்கா.

குரோக் பார்க் விசாரணையின் முடிவும் இப்படித்தான் இரண்டுபட்டு நிற்கிறது. முதல் குண்டு கூட்டத்திலிருந்து வந்தது என்கிறது. போலீஸ் உத்தரவின்றி, தேவைக்கு மீறிச் சுட்டது என்றும் சொல்கிறது. டப்ளின் ராணுவத் தலைமையிலிருந்த மேஜர் ஜெனரல் பாய்ட் இன்னும் ஒரு படி போய், கூட்டத்தின் மீது கண்மூடித்தனமாகச் சுட்டது நியாயப்படுத்த முடியாதது என்று எழுதினார். மைதானத்துக்கு உள்ளே நடந்த சூட்டை மட்டும் விலக்கி வைத்தார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு இந்தச் சொற்கள் போய்ச் சேரவில்லை. எண்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. இதை நிர்வாக வசதி என்று என்னால் ஏற்க முடியாது; அந்த வீடுகளுக்கு இழைத்த இரண்டாவது அநீதி.

இருந்தும் தாள்கள் பிழைத்தன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுகளின் காகிதங்கள் சாம்பலாகி நகரத்தின் மேல் பறந்தன. ராணுவக் கோப்புகள் லண்டனுக்குப் போயிருந்ததால் இன்று லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கையில் எடுத்துப் படிக்க முடிகிறது. 1916 முதல் 1921 வரை அயர்லாந்தின் விடுதலைப் போராட்டத்தில் மாண்ட 2,850 பேரை ஒவ்வொருவராகப் பதிவுசெய்து வரலாற்றாசிரியர்கள் ஓஹால்பினும் ஓ கொரைனும் எழுதிய நூலுக்கும் இத்தகைய தாள்கள் உதவின. படிப்பவர்கள் முடிவுரையை மூடி வைத்துவிட்டு, மருத்துவரின் வாக்குமூலத்திலிருந்து தொடங்கட்டும். மன்றம் கேட்காமல் விட்ட கேள்விகளை அந்த வரிகளின் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வரட்டும்.