ஏப்ரல் தீர்ப்புகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வோர் அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கினால் செப்டம்பர் கடைசிவரை ஏறக்குறைய தினம் ஓர் ஆட்டம். இந்த ஆறு மாத ஓட்டத்தில் முதல் மூன்று வாரம் என்பது பதினெட்டு, இருபது ஆட்டம். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த எட்டில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு ரசிகர்கள் ஆண்டு முழுவதையும் பேசித் தீர்த்துவிடுகிறார்கள். யார் எழுவார், யாருடைய காலம் முடிந்தது, எந்த மேலாளரை வீட்டுக்கு அனுப்பவேண்டும், எந்த அணி அக்டோபரில் கோப்பைக்கு ஆடும் என்பதெல்லாம் மைதானத்து இருக்கைகளிலும் மதுக்கடைகளிலும் வானொலி நேயர் நிகழ்ச்சிகளிலும் ஏப்ரலிலேயே முடிவாகிவிடுகிறது.

ஆட்டமில்லாத நீண்ட குளிர்காலத்தைக் கடந்து வந்தவர்களின் பேச்சு இது. அதன் ஆவலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இத்தனை பேர் இத்தனை ஈடுபாட்டோடு செய்யும் ஒரு காரியத்தை எடைபோட்டுப் பார்ப்பதும் அதற்குச் செய்யும் மரியாதைதான். கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது ஏப்ரல் பேச்சு வலுவாக இருக்கிறது. பார்த்ததிலிருந்து செப்டம்பருக்குத் தாவும்போது இடறுகிறது. இரண்டும் ஒரே மூச்சில் பேசப்படுவதால் வலுவும் பலவீனமும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடுகின்றன.

முதலில் இடறும் இடத்தைப் பார்ப்போம். 1994 ஏப்ரல் 4. சிகாகோ கப்ஸ் அணியின் டஃபி ரோட்ஸ், சீசனின் முதல் ஆட்டத்தில் தன் முதல் மூன்று வாய்ப்பிலும் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் அடித்தார். எதிரே வீசியவர் சாதாரண ஆள் இல்லை, டுவைட் கூடன். வேலைநிறுத்தத்தால் ஆகஸ்டிலேயே நின்றுபோன அந்தச் சீசனில் ரோட்ஸ் அடித்த ஹோம் ரன்கள் மொத்தமே 8. 2006-இல் டெட்ராய்ட் டைகர்ஸின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டத்தில் 9 ஹோம் ரன் அடித்தார்; ஆண்டு முடிவில் அவர் கணக்கு 16. நடுவில் கீழ்நிலை லீக்குக்கும் அனுப்பப்பட்டார்.

மறுபக்கமும் உண்டு. 2009-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டேவிட் ஓர்டிஸ் மே 20 வரை ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. வயதாகிவிட்டது, கை வேகம் போய்விட்டது என்று பேசினார்கள். அந்த ஆண்டை அவர் 28 ஹோம் ரன்களோடு முடித்தார். 2024 ஏப்ரல் முடிவில் நியூயார்க் யாங்கீஸின் ஏரன் ஜட்ஜ் 0.210 சராசரியைக்கூடத் தொடவில்லை. செப்டம்பர் முடிவில் அவர் சராசரி 0.322, ஹோம் ரன் 58, அமெரிக்கன் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

இந்தப் பிழைகளுக்குக் காரணம் ரசிகர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது எண்களின் இயல்பே அலைபாய்வதுதான். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது மட்டை பிடித்த முறைகளில் எத்தனை பங்கில் ஹிட் (பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது) விழுந்தது என்ற விகிதம். உண்மையிலேயே 0.270 திறமையுள்ள ஒருவர் முதல் மூன்று வாரத்தில் அறுபது முறை மட்டை பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பதினாறு ஹிட் விழவேண்டும். நாலு குறைந்து பன்னிரண்டானால் சராசரி 0.200, நாலு கூடி இருபதானால் 0.333. இரண்டுமே சர்வசாதாரணமாக நடக்கக்கூடியவை. முதல் கணக்கைப் பார்ப்பவர் ஆள் ஒழிந்தார் என்கிறார்; இரண்டாவதைப் பார்ப்பவர் விருது வாங்கித் தருகிறார். ஆளிடம் ஒரு மாற்றமும் இல்லை. பந்து தடுப்பாளரின் கைக்கு இரண்டடி இந்தப் பக்கம் விழுந்ததா, அந்தப் பக்கம் விழுந்ததா என்பதே வித்தியாசம்.

அணிகளுக்கும் இதே கதைதான். 30 அணிகளும் துல்லியமாகச் சமபலம் கொண்டவை, ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போன்றது என்று வைத்துக் கணக்கிட்டாலும், முதல் 15 ஆட்டத்தில் ஐந்தோ அதற்குக் குறைவோ ஜெயிக்கும் அணிகள் சராசரியாக நாலைந்து இருக்கும். அதே அளவு அணிகள் பத்தோ அதற்கு மேலோ ஜெயித்து உச்சியில் நிற்கும். குறையே இல்லாத இடத்திலும் குறை தெரியும்; பெருமையே இல்லாத இடத்திலும் பெருமை தெரியும். 1987-இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் முதல் 13 ஆட்டத்தையும் ஜெயித்தது. மே மாதம் தொடர்ந்து 12 ஆட்டம் தோற்றது. கடைசியில் தன் பிரிவில் மூன்றாம் இடம். 2023-இல் அதே 13 தொடர்வெற்றியோடு தொடங்கிய டாம்பா பே ரேஸ், சீசன் முடிந்தபிறகான சுற்றில் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் இரண்டே ஆட்டத்தில் வெளியேறியது. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 31-ஐத் தோற்றிருந்தது. அந்த ஆண்டு கோப்பைக்கான உலகத் தொடரை வென்றது அவர்கள்தான்.

அப்படியானால் ஏப்ரல் ஒன்றுமே சொல்லாதா? சொல்லும். 1984-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் 40 ஆட்டத்தில் 35-ஐ வென்றது; முடிவில் கோப்பையும் அவர்களுக்கே. 2001-இல் சியாட்டில் மரைனர்ஸ் ஏப்ரலில் 20 வெற்றி, 5 தோல்வி. ஆண்டு முழுக்க 116 வெற்றி பெற்று 1906-இல் கப்ஸ் நிறுவிய சாதனையைத் தொட்டது. பலமான அணி ஏப்ரலிலும் ஜெயிக்கும். ஏப்ரலில் ஜெயிப்பதெல்லாம் பலமான அணி ஆகிவிடாது. இந்தத் திசை வேறுபாடுதான் ஏப்ரல் பேச்சில் அடிக்கடி காணாமல் போகிறது.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற நம் பழமொழி நல்ல விதிதான். அது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: பானை முழுக்க ஒரே சூட்டில் வெந்திருக்கவேண்டும். பேஸ்பால் சீசன் அப்படி வேகுவதில்லை. ஏப்ரலில் சிகாகோவிலும் மினியாபொலிஸிலும் கடுங்குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஓங்கி அடித்த பந்தும் தூரம் போகாமல் வேலிக்கு முன்பே விழும். காயத்திலிருந்து மீண்டு வரும் வீச்சாளர்கள் இன்னும் களத்துக்கே வந்திருக்கமாட்டார்கள். ஏப்ரலில் ஆடும் அணியும் ஆகஸ்டில் ஆடும் அணியும் பெயரளவில்தான் ஒன்று.

ஆனாலும் சில சங்கதிகள் சீக்கிரமே வெந்துவிடுகின்றன. ஏப்ரல் பேச்சின் வலு அங்கேதான் இருக்கிறது. வீச்சாளரின் பந்து வேகம் சென்ற ஆண்டைவிட மணிக்கு இரண்டு மைல் குறைந்திருந்தால் அதை அறிய நூறு ஆட்டம் வேண்டாம். எந்தப் புள்ளிவிவரம் எத்தனை வாய்ப்புக்குப் பிறகு நம்பத்தக்கதாகிறது என்று ஆராய்ந்த ரஸல் கார்ல்டனின் கணக்குப்படி, ஒரு மட்டையாளர் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறும் விகிதம் ஏறக்குறைய 60 வாய்ப்பிலேயே நிலைகொண்டுவிடும். பேட்டிங் சராசரிக்கோ 900-க்கு மேல் வேண்டும். அதாவது ஒரு முழு சீசனும் போதாது. நம் ரசிகர்கள் மிக அதிகமாகப் பேசும் எண், மிகத் தாமதமாக உண்மை சொல்லும் எண்ணாக இருக்கிறது.

கண்ணால் பார்ப்பதன் அருமைக்கு 2018-இன் ஷோஹெய் ஓதானி நல்ல சான்று. ஜப்பானிலிருந்து வந்து லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்தவர் அரிசோனாப் பயிற்சி ஆட்டங்களில் 0.125 சராசரியில் தடுமாறினார். அமெரிக்க வீச்சுக்கு இவர் தாங்கமாட்டார் என்ற பேச்சு பரவியது. சீசன் தொடங்குவதற்குச் சற்றுமுன் அவர் ஒரு மாற்றம் செய்தார்: பந்து வரும்போது முன்காலை உயர்த்துவதை விட்டுவிட்டு, கால்விரல் தரையை ஒட்டியே இருக்கக் குதிகாலை மட்டும் அசைத்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் சொந்த மைதானத்தில் அடுத்தடுத்து மூன்று ஆட்டத்தில் ஹோம் ரன். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது அவருக்கே கிடைத்தது. பயிற்சி ஆட்டத்துச் சராசரியைப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். காலைப் பார்த்தவர்களுக்கு விஷயம் பிடிபட்டது. ‘எத்தனை அடித்தார்’ என்ற கேள்விக்கு ஏப்ரலில் பதில் இல்லை. ‘எதை மாற்றியிருக்கிறார்’ என்ற கேள்விக்கு உண்டு.

சீக்கிரமே வெந்துவிடும் இன்னொரு சங்கதி விதிமாற்றம். 2023-இல் வீச்சாளருக்குக் கடிகாரம் வைத்தார்கள். தளங்களில் ஓட்டக்காரர் இல்லையென்றால் 15 விநாடி, இருந்தால் 20 விநாடிக்குள் பந்தை வீசத் தொடங்கியாகவேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி. முதல் வாரங்களில் வந்த எதிர்ப்பும் வரவேற்பும் நேரில் பார்த்தவர்களின் சாட்சியங்கள். ஆட்டம் விறுவிறுப்பாகிவிட்டது என்று ஏப்ரலிலேயே சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆண்டு முடிவில் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் ஏறக்குறைய 24 நிமிடம் குறைந்திருந்தது. விதி மாறும்போது எல்லா அணிகளும் எல்லா ஆட்டங்களிலும் ஒரே சோதனைக்கு உட்படுகின்றன. ஆகவே சில நாளிலேயே சான்று குவிந்துவிடுகிறது.

பார்வையும் தாவலும் கலந்துபோன நிகழ்ச்சி 2025-இல் நடந்தது. மார்ச் 29 அன்று யாங்கீஸ் அணி மில்வாக்கிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 9 ஹோம் ரன் அடித்தது. அணியில் சிலர் புதுவடிவ மட்டையைப் பிடித்திருந்தார்கள். நுனியில் இருக்கும் பருமனைப் பந்து அதிகம் படும் இடத்துக்கு நகர்த்திச் செய்த மட்டை. ஏரன் லேன்ஹார்ட் என்ற இயற்பியலாளரின் யோசனை. விதிக்கு உட்பட்டதுதான். மட்டையின் வடிவம் மாறியிருக்கிறது என்று கண்டுகொண்டது கூர்மையான பார்வை. ஆட்டமே தலைகீழாகிவிட்டது, இதைத் தடைசெய்யவேண்டும் என்று மறுநாளே பேசியது தாவல். அன்றைய ஒன்பதில் மூன்றை அடித்த ஜட்ஜ் கையில் இருந்தது பழைய மட்டை. அதே மட்டையோடு அவர் அந்த ஆண்டு 53 ஹோம் ரன் அடித்தார்.

அவசரத் தீர்ப்பு வெறும் பேச்சோடு நின்றுவிட்டால் பாதகமில்லை. ஆனால் அது வேலையைப் பறிக்கும், மனிதரை நோகடிக்கும். 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் ஆறு ஆட்டத்தையும் தோற்றதும் மேலாளர் கால் ரிப்கன் சீனியர் நீக்கப்பட்டார். தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த நிறுவனத்துக்கே கொடுத்தவர்; அவருடைய இரு மகன்களும் அப்போது அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப்பின் வந்த ஃபிராங்க் ராபின்சன் பெரும்புகழ் பெற்ற ஆட்டக்காரர். அணி மேலும் 15 ஆட்டம் தொடர்ந்து தோற்றது. நோய் மேலாளரிடம் இல்லை என்பதை 21 தொடர்தோல்விகள் காட்டின. அதற்குள் ஒருவர் பலியாகியிருந்தார்.

அவசரம் எல்லார்மேலும் ஒரே பாரமாக இறங்குவதுமில்லை. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கி, கறுப்பினத்தவருக்கு அடைக்கப்பட்டிருந்த கதவைத் திறந்தார். அந்த மாத இறுதியில் அவருக்கு ஹிட்டே விழாத நாட்கள் வந்தன. வேறொருவருக்கு அது சாதாரணச் சரிவு. அவருக்கோ, ஓர் இனத்தின் தகுதியையே சந்தேகிக்கக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த ஆயுதம். அவர் 0.297 சராசரியோடு ஆண்டை முடித்து, சிறந்த புதுமுகம் விருதைப் பெற்றார். சில நாள் எண்களை வைத்துத் தீர்ப்பளிக்கும் பழக்கம், ஏற்கெனவே இருக்கும் முன்முடிவுக்குப் புள்ளிவிவரச் சட்டை மாட்டிவிடுகிறது. இந்தப் பழக்கத்தின் ஆகப்பெரிய குற்றம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இன்று பந்தயப் பணமும் சேர்ந்துவிட்டது. 2018-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க வழிவிட்டபிறகு, ஓர் ஆட்டத்தின் தோல்வி பலருடைய பையில் நேரடியாகக் கைவைக்கிறது. 2025 மே மாதம், நீண்ட காயத்துக்குப்பின் திரும்பிவந்த ஹூஸ்டன் வீச்சாளர் லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஓர் ஆட்டத்தில் சரியாக வீசவில்லை. அவருடைய பிள்ளைகளைக் கொல்வதாக மிரட்டல் வந்தது. பந்தயத்தில் பணம் இழந்த ஒருவர் அனுப்பியது அது. ஆறு மாதம் பொறுக்கவேண்டிய ஆட்டத்தை ஓர் இரவுக்குள் சுருக்கும்போது பொறுமையோடு மனிதத்தன்மையும் சேர்ந்து போகிறது.

தராசின் மறுதட்டிலும் கனம் உண்டு. 1981-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸின் முதல் நாள் வீச்சாளருக்குக் காயம் என்று, மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக் கிராமத்திலிருந்து வந்த இருபது வயது ஃபெர்னாண்டோ வாலென்சுவேலாவிடம் பந்தைக் கொடுத்தார்கள். எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றார். ஐந்தில் எதிரணிக்கு ரன்னே இல்லை. அந்த மைதானம் எழுந்த சாவேஸ் ரவீனிலிருந்து 1950-களில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டிருந்தன. அந்தக் காயத்தால் விலகி நின்ற மக்கள், வாலென்சுவேலாவைப் பற்றிய பேச்சைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார்கள். எட்டுக்குப்பிறகு அவர் 5 வென்று 7 தோற்றார்; எண்கள் தணிந்தன. ஆனால் அவரிடம் மக்கள் கண்ட ஆற்றல் மெய்யானது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமும் சிறந்த வீச்சாளரும் அவரே.

ஓரியோல்ஸ் கதைக்கும் இன்னொரு பாதி இருக்கிறது. ஒரு வெற்றி, 23 தோல்வியோடு ஊர் திரும்பிய அணியை 1988 மே 2 அன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மைதானத்தில் கூடி வரவேற்றார்கள். அந்த அணி தேறும் என்று யாரும் நினைத்துப் போகவில்லை. 107 தோல்வியோடுதான் ஆண்டு முடிந்தது. ‘இவர்கள் நம் ஆட்கள்’ என்று சொல்லத்தான் போனார்கள். தீர்ப்பை ஒதுக்கிவைத்துவிட்டால் தொடக்கவாரப் பேச்சில் மிஞ்சும் பற்று எவ்வளவு பெரியது என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி.

ஆகவே ஏப்ரலில் வாய்மூடி இருக்கச் சொல்வது தீர்வாகாது. கேள்வியை மாற்றினால் போதும். சராசரியை விட்டு நிற்கும் நிலையை, ஓடும் விதத்தை, பந்தின் வேகத்தைப் பேசலாம். தோல்விப் பட்டியலை விட்டு, யார் காயத்தில் இருக்கிறார், யார் எதைப் புதிதாக முயல்கிறார் என்று பேசலாம். கணிப்புச் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் தேதியிட்டு எழுதிவைத்து, செப்டம்பரில் எடுத்துப் பார்க்கலாம். அந்த ஒரு பழக்கமே நாக்கைப் பக்குவப்படுத்திவிடும். 162 ஆட்டம் வைத்திருப்பதன் நியாயமே, ஒரு நாளின் அதிர்ஷ்டம் ஓர் ஆட்டக்காரரின் தலையெழுத்தாகிவிடக் கூடாது என்பதுதான். ஆட்டம் அவருக்குத் தரும் அவகாசத்தை ரசிகரும் தரவேண்டும்.