இலை போதாத பந்தி

நண்பர் ஒருவரின் புத்தக விற்பனைத் தளத்துக்காக நான் பார்த்துக்கொண்டிருந்த சர்வர் அது. 2 ஜி.பி. ரேம், ஸ்வாப் கிடையாது. தினமும் இரவு 2.40 வாக்கில் தரவுத்தளம் செத்துப்போகும். ஒரு நிமிடத்தில் தானாகவே எழுந்துகொள்ளும். அதன் லாக்கைத் திறந்தால் சாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. போன முறை ஒழுங்காக மூடப்படவில்லை, மீட்பு நடக்கிறது என்று மறுபிறப்பிலிருந்துதான் கதை தொடங்கும். மூன்று வாரம் தரவுத்தளத்தையே குடைந்தோம். பதிப்பை உயர்த்தினோம், அட்டவணைகளைச் சரிபார்த்தோம், ஒரு முறை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினோம். நாலாவது வாரம்தான் கெர்னல் லாக்கைப் பார்க்கத் தோன்றியது. அங்கே இருந்தது: நினைவகம் தீர்ந்தது, தரவுத்தளம் கொல்லப்பட்டது.

கொன்றது கெர்னல். கொல்ல வேண்டிய நிலையை உண்டாக்கியது தரவுத்தளம் அல்ல. இரவு 2.30க்கு ஓடத் தொடங்கும் படச் சுருக்கும் வேலை ஒன்று, ஒரே நேரத்தில் நான்கு பிராசஸ்களைக் கிளப்பியிருந்தது. ஒவ்வொன்றும் 320 எம்.பி. தின்றது. தரவுத்தளம் வழக்கம்போல 700 எம்.பி.யோடு ஓர் ஓரமாக இருந்தது. நான்கும் சேர்ந்து 1280. ஆனால் தனியாக எடுத்தால் தரவுத்தளம்தான் பெரியது. எனவே அதுவே பலி.

அன்றிலிருந்து நினைவக ஏற்பாடு எதையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். பற்றாக்குறை வரும்போது அடி விழும் இடம், காரணம் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? வேகம், சிக்கனம் எல்லாம் முக்கியம்தான். ஆனால் நிரல் ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய மனிதருக்கு முதல் தேவை இதுதான். லினக்ஸின் வழக்கமான ஏற்பாட்டையும் அதற்கு மாற்றாகச் சொல்லப்படுபவற்றையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

லினக்ஸில் ஒரு நிரல் நினைவகம் கேட்டால் கெர்னல் பெரும்பாலும் ‘சரி’ என்றுவிடும். அந்த நேரத்தில் ரேமில் எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. நிரல் அந்த இடத்தில் எழுதப் போகும்போதுதான் 4 கே.பி. பக்கம் பக்கமாக நிஜமான ரேம் கொடுக்கப்படும். இதற்கு ஓவர்கமிட் என்று பெயர். கல்யாண வீட்டுக் கணக்குதான் இது. அழைத்த எல்லோரும் வரமாட்டார்கள், வந்தவர்களும் ஒரே பந்தியில் உட்காரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இலை வாங்குகிறோம். அநேகமாக எல்லாக் கல்யாணத்திலும் அந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. தவறும் நாளில் கல்யாண வீட்டார் கடைக்கு ஆள் அனுப்புவார்கள். கெர்னலால் அது முடியாது. அது ஓ.ஓ.எம். கில்லரைக் கூப்பிடுகிறது: உட்கார்ந்திருப்பவர்களில் அதிகம் சாப்பிட்டவரைப் பாதி இலையில் எழுப்பி வெளியே அனுப்புகிறது.

2004இல் லினக்ஸ் நிரலாளர் ஆண்ட்ரீஸ் பிரவுவர் இதை ஒரு விமான நிறுவனத்தோடு ஒப்பிட்டார். எரிபொருளைக் குறைவாக ஏற்றிக்கொண்டு கிளம்பி, தீர்ந்துபோகும்போது பயணிகளில் ஒருவரைத் தேர்ந்து வெளியே தள்ளும் நிறுவனம். லினக்ஸ் உலகில் இன்றும் நினைவுகூரப்படும் உவமை இது. ஆனால் இது பாதி நியாயம்தான். விமானத்துக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்த கணக்கு. ஒரு நிரல் கேட்பதில் எவ்வளவைத் தொடப்போகிறது என்பது அந்த நிரலுக்கே தெரியாது.

யூனிக்ஸில் ஒரு பிராசஸ் இன்னொன்றைப் பிறப்பிக்கும் பழைய வழி ஃபோர்க், அதாவது தன்னையே நகலெடுத்துக்கொள்வது. 6 ஜி.பி. வைத்திருக்கும் ஒரு பிராசஸ் 8 ஜி.பி. கணினியில் ஃபோர்க் செய்தால், கணக்குப்படி 12 ஜி.பி. வேண்டும். உண்மையில் இரண்டும் அதே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். யார் எழுதுகிறார்களோ அவர்களுக்கு மட்டும், எழுதும் பக்கத்துக்கு மட்டும் புதுப் பிரதி உண்டாகும். கறாராகக் கணக்குப் பார்த்தால், ஒரு சின்னக் கட்டளையை ஓட்டக்கூட அந்தப் பெரிய பிராசஸுக்கு அனுமதி கிடைக்காது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் தன் தரவை வட்டில் சேமிப்பது பெரும்பாலும் ஃபோர்க் மூலமாகத்தான். அதனால் அதன் ஆவணம் ஓவர்கமிட் அமைப்பை 1இல் வைக்கச் சொல்கிறது: எவ்வளவு கேட்டாலும் கொடு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆவணமோ 2இல் வைக்கச் சொல்கிறது: கணக்குக்கு மேல் ஒரு பைட்டும் தராதே. இரண்டும் கவனமாக எழுதப்பட்ட, மதிக்கத்தக்க மென்பொருள்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் இங்கே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆகவே ஓவர்கமிட்டைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். என் குறை, பலியைத் தேர்ந்தெடுக்கும் முறை மீது. 2010இல் 2.6.36 கெர்னலில் டேவிட் ரியன்ட்ஜெஸ் அதைத் திருத்தி எழுதினார். அதற்கு முன்பு, எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு வேலை செய்தது, ரூட் உரிமை உண்டா, குழந்தைப் பிராசஸ்கள் எத்தனை என்று பலவற்றைக் கூட்டிக் கழித்து ஆளைத் தேடினார்கள். திருத்தத்துக்குப் பிறகு அடிப்படை ஒன்றே: இந்த நொடியில் யார் அதிகம் பிடித்துவைத்திருக்கிறார். அதோடு மைனஸ் 1000 முதல் 1000 வரை நாம் கொடுக்கும் ஒரு திருத்த எண். பழைய முறை நியாயமாக இருக்க முயன்று, கணிக்க முடியாததாகிப் போனது. புதியது கணிக்கக்கூடியது, அந்த வகையில் முன்னேற்றம். ஆனால் சர்வரில் அதிகம் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் தரவுத்தளம், அதுவும் நாம் கொடுத்ததால் பிடித்துவைத்திருப்பது. நேற்றுவரை ஒழுங்காக அதே அளவில் இருந்தவரையும் பத்து நிமிடத்தில் வீங்கியவரையும் இந்த முறை வேறுபடுத்துவதில்லை. என் அளவுகோலில் இது தோற்கும் இடம் இதுவே.

தோல்வி அதோடு முடியவில்லை. கொல்வது 9ஆம் சிக்னல். அதை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. கடைசி வார்த்தை எழுத அவகாசம் இல்லாததால்தான் எங்கள் தரவுத்தளத்தின் லாக் மௌனமாக இருந்தது. மரணக் குறிப்பு இருப்பது கெர்னல் லாக்கில், உபுண்டு 20.10 முதல் அதை டிமெசேஜ் கட்டளையில் பார்க்க ரூட் உரிமை வேண்டும். தன் நிரலைப் பறிகொடுத்தவருக்கு, யார் கொன்றது என்று பார்க்கும் உரிமையே இல்லாமல் போகலாம்.

குறிப்பைத் திறந்த பிறகும் தடுமாற்றம் உண்டு. முதல் வரியில் ஓ.ஓ.எம். கில்லரை ‘அழைத்த’ பிராசஸின் பெயர் இருக்கும். பலரும் அதையே குற்றவாளி என்று பிடித்துக்கொள்கிறார்கள். பக்கம் தீர்ந்த நொடியில் தற்செயலாகக் கை நீட்டியவர் அவர், அவ்வளவே. எங்கள் விஷயத்தில் அது வலை சர்வர். கடைசி வரியில் இருப்பது பலி. காரணம் இருப்பது இரண்டுக்கும் நடுவில், எல்லாப் பிராசஸ்களையும் வரிசையாகக் காட்டும் அட்டவணையில். அதில் ஒரே பெயர் பல வரிகளில் வந்தால் கூட்டிப் பார்க்க வேண்டும். அட்டவணையின் எண்கள் பக்கக் கணக்கில் இருப்பவை, 4 கே.பி.யால் பெருக்கினால்தான் உண்மை அளவு வரும். கடைசி வரியோ கே.பி.யிலேயே இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் நான் அட்டவணையைப் படித்தபோது, படவேலையின் பிராசஸ் ஒவ்வொன்றும் 80 எம்.பி. என்று எடுத்துக்கொண்டு அதை விடுதலை செய்துவிட்டேன். இன்னும் இரண்டு நாள் வீணாயின.

இனி மாற்று ஏற்பாடுகள். முதலாவது கறார் கணக்கு, அமைப்பு 2. வாக்குறுதி ஓர் எல்லையைத் தாண்டினால் கேட்கும்போதே ‘இல்லை’ என்ற பதில். கேட்ட இடத்திலேயே பிழை விழும், நிரல் அதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது இதன் வாதம். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் மறுப்பைக் கேட்டுப் பதறாமல் நடந்துகொள்ளும் நிரல்கள் சொற்பம். கோ மொழியின் இயக்கச் சூழல் நினைவகம் கிடைக்காவிட்டால் நிரலை நிறுத்திவிடும். ரஸ்ட்டின் வழக்கமான நடத்தையும் அதுவே. போஸ்ட்கிரெஸ் விதிவிலக்கு: மறுத்தால் அந்த ஒரு வினவல் மட்டும் பிழையோடு முடியும், மற்ற இணைப்புகள் தொடரும். மாறாக அதன் ஒரு பிராசஸை 9ஆம் சிக்னல் கொன்றால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்குமோ என்று எல்லா இணைப்புகளையும் வெட்டிவிட்டு மீட்புக்குள் போகும். அதனால் அதன் ஆவணம் 2ஐப் பரிந்துரைப்பதில் பொருள் உண்டு. அதைப் பார்த்து எல்லாச் சர்வரிலும் 2ஐப் போடச் சொல்வதில் பொருள் இல்லை. எல்லையின் இயல்பான கணக்கு, ரேமில் 50 சதவீதமும் ஸ்வாப்பும் சேர்ந்தது. ஸ்வாப் இல்லாத 16 ஜி.பி. கணினியில் அது 8 ஜி.பி. மட்டுமே. பாதி ரேம் சும்மா கிடக்க, நிரல்கள் விழுந்துகொண்டிருக்கும்.

கறார் கணக்கிலும் அநீதி உண்டு என்பதை அதன் ஆதரவாளர்கள் சொல்வதில்லை. எல்லை நிரம்பிய பிறகு மறுக்கப்படுவது அதிகம் எடுத்தவர் அல்ல, கடைசியாகக் கேட்டவர். விண்டோஸ் இந்த முறையில்தான் நடக்கிறது. ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த எல்லைக்கு மேல் வாக்குறுதி தராது. ஃபயர்ஃபாக்ஸ் நினைவகம் இன்றி விழுவதை மொசில்லாவினர் ஆராய்ந்தபோது, ரேமில் இடம் தாராளமாக இருந்தும் வாக்குறுதிக் கணக்கு மட்டும் நிரம்பியிருந்ததைக் கண்டார்கள். 2022இல் அவர்கள் செய்த திருத்தம் மிக எளியது: மறுப்பு வந்தால் உடனே விழாமல், சற்றுப் பொறுத்துவிட்டு மறுபடி கேள். அந்த இடைவெளியில் விண்டோஸ் பேஜ்ஃபைலைப் பெரிதாக்கிவிடும், அல்லது வேறொன்று இடத்தை விடும். முதன்மைப் பிராசஸ் இப்படி விழுவது 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கறார் கணக்கின் ‘இல்லை’ பல நேரம் உண்மையான இல்லை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன்.

இரண்டாவது மாற்று, வீட்டுக்கு வீடு அளந்து வைப்பது. சி-குரூப் என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு சேவைக்கும் தனி உச்சவரம்பு வைக்கலாம். அதன் இரண்டாம் பதிப்பு 2016இல் 4.5 கெர்னலில் நிலைபெற்றது. வரம்பைத் தாண்டினால் பலி அந்தக் குழுவுக்குள்ளேயே தேடப்படும். அடுத்த வீட்டுக்காரர் எழுப்பப்படமாட்டார். என் கேள்விக்கு இதுவே மிக நல்ல பதில். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருந்தது. வரம்பு இருப்பது உள்ளே ஓடும் நிரலுக்குத் தெரியாது. இப்படி வரம்பு வைத்து நிரலை அடைக்கும் கன்டெய்னருக்குள்ளிருந்து ரேமைப் பார்த்தால் வெளிக் கணினியின் மொத்த ரேமே தெரியும். பழைய ஜாவா அதை நம்பி, அதில் கால் பங்கைத் தன் ஹீப்பின் உச்சமாக வைத்துக்கொள்ளும்: 64 ஜி.பி. கணினியில், 2 ஜி.பி. கன்டெய்னருக்குள், 16 ஜி.பி. வரை வளரலாம் என்ற நினைப்போடு. செத்துச் செத்து எழுந்த எத்தனையோ ஜாவா சேவைகளின் கதை இதுதான். 2018இல் ஜாவா 10 வரம்பைப் பார்த்து நடக்கக் கற்றது. அதே ஆண்டு ஜாவா 8இன் 191ஆம் புதுப்பிப்பிலும் அது சேர்ந்தது.

கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு முடிந்தால் நினைவகம்தான் காரணம் என்று சொல்லிவிடுவது இன்னொரு அவசரம். 137 என்பது 128உடன் 9. யாரோ 9ஆம் சிக்னல் அனுப்பினார்கள் என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. டாக்கரில் நிறுத்தச் சொல்லி 10 நொடிக்குள் நிற்காத நிரலுக்கும் அதே எண்தான். குழுவின் நினைவக நிகழ்வுக் கோப்பில் ஓ.ஓ.எம். கொலை எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் உறுதி.

மூன்றாவதாக, கெர்னல் தாமதிக்கிறது என்று முன்னதாகவே கொல்லும் காவலாளிகள். ஃபெடோரா 34இலும் உபுண்டு 22.04இலும் சிஸ்டம்டி-ஓ.ஓ.எம்.டி இயல்பாகவே வந்தது. கணினி உறைந்து நிற்பதை இது குறைக்கிறது. ஆனால் மேசைக்கணினியில் திறந்திருந்த உலாவி ஒரு சொல்லும் இல்லாமல் மறைந்துபோக, உபுண்டு பயனர்கள் முறையிட்டது நியாயமே. சீக்கிரம் கொல்வது நல்லதாக இருக்கலாம். சொல்லாமல் கொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

என் தீர்ப்பு இது. பொதுக் கணினிக்கு ஓவர்கமிட் இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ் மட்டுமே ஓடும் கணினிக்கு, ஸ்வாப்பும் சதவீதமும் கணக்கிட்டு வைத்த பிறகு, அமைப்பு 2 சரி. ஒன்றுக்கு மேற்பட்ட சேவை ஓடும் எந்தச் சர்வரிலும் ஓ.ஓ.எம். கில்லரை முதல் காவலாக நம்புவது தவறு. சேவைக்குச் சேவை உச்சவரம்பு வேண்டும், தரவுத்தளத்துக்கு முன்னால் சில்லறை வேலைகளுக்கு. ரேமைக் கூட்டிவிடுங்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன். கசிவு உள்ள நிரலுக்கு இரட்டிப்பு ரேம் தந்தால் திங்கள் இரவு விழுவது வியாழன் இரவு விழும். காரணம் இன்னும் ஆழத்தில் புதைந்திருக்கும்.

நண்பரின் சர்வரில் தரவுத்தளத்தைத் தொடவில்லை. படவேலைக்கு மட்டும் 800 எம்.பி. வரம்பு வைத்தேன். அன்று இரவு 2.41க்குப் படவேலை விழுந்தது. அதன் நிலையைக் கேட்டவுடனேயே, ஓ.ஓ.எம். கொலையால் முடிந்தது என்று, சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி சொன்னது. எந்தக் கோப்பில் நின்றது என்பது அதன் சொந்த லாக்கிலேயே இருந்தது: பழைய புத்தகங்களின் அட்டைகளை 8000க்கு 10000 புள்ளிகளில் ஸ்கேன் செய்த படங்கள். வட்டில் ஒவ்வொன்றும் 6 எம்.பி.தான். விரித்தால் 8 கோடிப் புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட்டு, 320 எம்.பி. நான்கை ஒன்றாக விரிக்காமல் ஒவ்வொன்றாக விரிக்கும்படி ஓர் எண்ணை மாற்றினோம்.