கட்சி கட்டும் கணிப்பொறிகள்

கல்லூரி விடுதிகளில் அரசியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் அடுத்தபடியாகச் சூடு பறக்கும் விவாதம் ஒன்று உண்டு. கணிப்பொறிக்கு விண்டோஸ் சிறந்ததா, லினக்ஸ் சிறந்ததா, ஆப்பிள் நிறுவனத்தின் மேக் சிறந்ததா என்பதே அது. ஒருவர் தம் அமைப்பைப் புகழ்வார். மற்றவர் அது நின்றுபோன நாள்களைக் கணக்கிடுவார். இரவு இரண்டு மணிக்கு விளக்கணைப்பார்கள். யாரும் கட்சி மாறியிருக்க மாட்டார்கள்.

இந்த மூன்றும் இயக்க அமைப்புகள். கணிப்பொறியின் நினைவகம், தட்டு, திரை, விசைப்பலகை ஆகியவற்றை மேற்பார்த்து, நீங்கள் இயக்கும் மென்பொருள்களுக்கு அவற்றைப் பங்கிட்டுக் கொடுப்பது இயக்க அமைப்பின் வேலை. இவற்றுள் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த விவாதம் நடைபெறும் முறையில் உள்ள குறைகளையும், அதனால் மாணவர்களுக்கு ஏற்படும் இழப்பையும் எடுத்துக்காட்டுவதே நோக்கம். அன்றாடம் எரிச்சலூட்டும் மூன்று சிறு தொல்லைகளை எடுத்துக்கொள்வோம்.

எங்கே போயிற்று எழுபது ஜிகாபைட்டு?

ஒரு டெராபைட்டு கொள்ளளவு என்று அச்சிட்ட தட்டை வாங்கி விண்டோஸ் கணிப்பொறியில் பொருத்துகிறீர்கள். திரையில் தெரிவதோ சுமார் 931 ஜிகாபைட்டு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். உண்மையில் ஒரு பைட்டும் குறையவில்லை. தட்டைச் செய்தவர் டெரா என்பதை ஓர் இலட்சம் கோடி என்று கொள்கிறார். விண்டோஸ் அந்தத் தொகையை 1,000-இன் மும்மடிப் பெருக்கத்தால் வகுப்பதில்லை. 1,024-இன் மும்மடிப் பெருக்கமாகிய 107,37,41,824-ஆல் வகுக்கிறது. விடை 931. அதன் பக்கத்தில் 'ஜிகாபைட்டு' என்று எழுதிவிடுகிறது.

கிலோ என்றால் ஆயிரம், மெகா என்றால் பத்து இலட்சம், ஜிகா என்றால் நூறு கோடி என்று இயற்பியல் வகுப்பில் நாம் சொல்லித் தருகிறோம். 1,024 என்ற கணக்கு இரும எண் முறைக்கு வசதியானதுதான். ஆனால் அதற்கென்று கிபி, மெபி, ஜிபி என்ற தனிப் பெயர்களைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே வகுத்துவிட்டது. கிலோ அளவில் இவ்வேறுபாடு நூற்றுக்கு 2.4 தான், ஜிகாவில் அது 7.4, டெராவில் ஏறத்தாழ 10. மேக் அமைப்பு 2009-இல் பதின்மக் கணக்குக்கு மாறிக்கொண்டது. லினக்ஸிலோ ஒரு மென்பொருள் ஒரு கணக்கையும் இன்னொன்று மறு கணக்கையும் காட்டக்கூடும். பழைய நெகிழ்தட்டின் '1.44 மெகாபைட்டு' இன்னும் வேடிக்கை. அது 1,440 தடவை 1,024 பைட்டு. ஒரு பெருக்கலுக்கு ஆயிரம், மறு பெருக்கலுக்கு 1,024 என்று இரண்டையும் கலந்து செய்த அலகு!

இங்கே விண்டோஸைக் குறை கூறுவது நியாயமே. ஒரு மாணவர் செய்முறைத் தேர்வில் அலகை இப்படி எழுதினால் மதிப்பெண் குறைப்போம் அல்லவா?

ஐந்தரை மணி நேரம் தாவும் கடிகாரம்

ஒரே கணிப்பொறியில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவியவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். காலை 10 மணிக்கு விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறினால் கடிகாரம் பிற்பகல் 3.30 என்கிறது. இணையத்தின் வழியே அது சரியானதும் மீண்டும் விண்டோஸுக்கு வந்தால் அதிகாலை 4.30 என்று காட்டுகிறது. இயந்திரம் பழுது என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள்.

கணிப்பொறிக்குள் மின்கலத்தால் ஓடும் சிறு கடிகாரம் ஒன்று உள்ளது. மின்சாரம் இல்லாதபோதும் அது நேரத்தைக் காக்கிறது. அதில் இருக்கும் எண்ணை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இது பழைய டாஸ் காலத்திலிருந்து வந்த வழக்கம். லினக்ஸ் பெரும்பாலும் அதை உலகப் பொது நேரமாகக் கொண்டு, இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்கிறது. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. 15 பாகைக்கு ஒரு மணி என்றால் ஐந்தரை மணி சரியாக வருகிறது. ஆகவே கடிகாரமும் பழுதில்லை, அமைப்புகளும் பழுதில்லை. ஒரே எண்ணை இருவர் இருவிதமாகப் படிக்கின்றனர். இலண்டனில் இருப்பவருக்குக் குளிர்காலத்தில் இத்தொல்லை கண்ணிலேயே படாது.

பொது நேரத்தில் வைத்துக்கொண்டு திரையில் மட்டும் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதே செம்மையான முறை என்பது என் கருத்து. லினக்ஸில் ஒரே கட்டளையால் வழக்கத்தை மாற்றி இரண்டையும் ஒத்துப்போகச் செய்யவும் முடியும்.

ஒரே வரியாகிப்போன அட்டவணை

மூன்றாவது தொல்லைக்கு வயது அதிகம். 1963-இல் வந்த 33-ஆம் மாதிரித் தொலைத்தட்டச்சுப் பொறி நொடிக்கு 10 எழுத்து அச்சிட்டது. வரி முடிந்ததும் அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்ப வேண்டும். தாளும் ஒரு வரி மேலே நகர வேண்டும். இவற்றுக்கு 13, 10 என்ற இரு குறியெண்கள் இருந்தன. அச்சுத்தலை திரும்புவதற்குப் பத்தில் ஒரு நொடி போதாது. எனவே திரும்பும் ஆணையை முதலில் அனுப்பி, தாளை நகர்த்தும் ஆணையை அடுத்து அனுப்பினால், அந்த இடைவெளியில் அச்சுத்தலை போய்ச் சேர்ந்துவிடும்.

பொறி மறைந்தது, வழக்கம் மறையவில்லை. டாஸும் விண்டோஸும் வரி முடிவுக்கு இன்றும் இரண்டு குறியெண்களையும் எழுதுகின்றன. யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் 10-ஐ மட்டும் எழுதுகின்றன. பழைய மேக் 13-ஐ மட்டும் எழுதியது; 2001-இல் யூனிக்ஸ் அடிப்படைக்கு வந்தபின் 10-க்கு மாறியது. லினக்ஸில் சேமித்த ஓர் அளவீட்டு அட்டவணையை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால் எல்லா வரிகளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்ற காலம் உண்டு. இக்குறை 2018-இல்தான் நீக்கப்பட்டது. ஒரு குறியெண்ணைப் புரிந்துகொள்ள இத்தனை ஆண்டுகளா என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

சான்றும் சாய்வும்

இத்தகைய தொல்லைகளைச் சரியாக ஆராய்வதை விட்டுவிட்டு விவாதக்காரர்கள் பெரிய நிகழ்ச்சிகளையே ஆயுதமாக எடுக்கின்றனர். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. உலகெங்கும் விமானங்கள் நின்றன. 'பார்த்தீர்களா, லினக்ஸ் தப்பித்தது' என்றார்கள். அந்தக் கோப்பு விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு மட்டுமே அனுப்பப்பட்டது. அடுத்த தெருவில் பெய்த மழையில் என் குடை நனையவில்லை என்பதால் என் குடை உயர்ந்தது ஆகாது.

அதே ஆண்டு மார்ச்சில் எதிர்த்திசையில் ஒரு நிகழ்ச்சி. லினக்ஸில் பயன்படும் எக்ஸ்-இசட் என்ற சுருக்க மென்பொருளில் யாரோ ஒருவர் திருட்டு வழி ஒன்றை மறைத்து வைத்திருந்தார். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து கணிப்பொறியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதை அவர் கவனித்தார். அந்த அரை நொடியின் காரணத்தைத் தேடிப் போனதில் சதி வெளிப்பட்டது. மூலநிரல் திறந்திருந்ததால் அவரால் தேட முடிந்தது. அதே திறந்த வாயிலின் வழியேதான் திருடனும் நுழைந்திருந்தான். அவரோ விண்டோஸை விற்கும் மைக்ரோசாப்டில் பணியாற்றுபவர்! எந்தக் கட்சிக்கு இந்த வெற்றியை எழுதுவது?

இழப்பு யாருக்கு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய செயலிகளும் கேட்கிறது. நன்றாக ஓடும் பல கணிப்பொறிகள் இதனால் பழைய இரும்பாகக் கருதப்படுகின்றன. அவற்றில் லினக்ஸை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் மாணவர் கையில் உழைக்கும். இது கட்சிப் பேச்சன்று; செலவுக் கணக்கு. அதேபோல் ஆய்வகக் கருவி ஒன்றின் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமானால் அங்கே விண்டோஸே வேண்டும். வேலைக்கேற்ற கருவி என்பதைத் தச்சர் அறிவார், நாம் மறந்துவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தட்டு குறைவாகக் காட்டினாலும், கடிகாரம் தாவினாலும், அட்டவணை ஒட்டிக்கொண்டாலும் நம் மாணவர் முதலில் சொல்லும் சொல் 'எனக்குக் கம்ப்யூட்டர் வராது' என்பதே. தமிழ் வழியில் படித்தவர் ஆங்கிலத் திரையின் முன் இப்படிச் சொல்லிவிட்டு ஒதுங்குவதை வகுப்பில் அடிக்கடி காண்கிறேன். மேலே கண்ட மூன்றிலும் அவர் செய்த தவறு எதுவுமில்லை. எல்லாம் எவரோ எங்கோ எடுத்த முடிவுகள். அவற்றைப் புரிந்துகொள்ளக் கூட்டல், வகுத்தல், சிறிது பொறுமை போதும்.

ஆகவே அடுத்த முறை கணிப்பொறி முரண்டு பிடித்தால் கட்சி கட்டாதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று தாளில் குறியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி செய்து பாருங்கள். எண் வந்தால் அதன் அலகு எது, யார் கணக்கு என்று கேளுங்கள். ஊசல் ஆய்வில் நீளத்தை மட்டும் மாற்றி அலைவு நேரத்தைக் குறித்தீர்களே, இதுவும் அதே ஆய்வுதான்.