ஸ்விஃப்டின் கூட்டல்

பிரசாரம் என்றால் அடுக்குமொழி, ஆவேசம் என்று நினைத்துக்கொண்டிருப்பது சௌகரியமாக இருக்கிறது. இவை இல்லாத இடத்தில் நாம் காவலைத் தளர்த்திவிடுகிறோம். 1710 நவம்பரில் 'எக்ஸாமினர்' வாரத்தாளில் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய ஒரு கட்டுரையை நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதனால்தான்.

ஸ்பானிய வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தது. ஹார்லியின் மந்திரிசபை சமாதானத்தை நாடியது. குறுக்கே நின்றது, 1704இல் பிளெனிமில் வென்ற மார்ல்பரோவின் புகழ். நாடு அவருக்கு நன்றி மறந்தது என்று விக் கட்சியினர் புலம்பினார்கள். ஸ்விஃப்ட் குரலை உயர்த்தவில்லை. இரண்டு பட்டியல் போட்டார். ரோமாபுரி தன் தளபதிக்குச் செய்த செலவு: பலி எருது 8 பவுன், வெற்றி வளைவு 500 பவுன், லாரல் கிரீடம் 2 பென்ஸ், இப்படி. மொத்தம் 994 பவுன் 11 ஷில்லிங் 10 பென்ஸ். மார்ல்பரோவுக்குப் பிரிட்டன் செய்தது: பிளெனிம் மாளிகை 2,00,000, வுட்ஸ்டாக் 40,000, தபால் வருமானத்திலிருந்து மானியம் 1,00,000... மொத்தம் 5,40,000 பவுன்.

பேரேட்டோடு பிழைப்பவன் ஆதலால் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. கெட்டிக்காரத்தனம் அந்த 10 பென்ஸில்தான். சில்லறை வரை காட்டுகிறவனை யார் சந்தேகிப்பார்கள்? (எதிர்ப்பக்கம் முழுக்க முழு ஆயிரங்கள், வெறும் மதிப்பீடுகள்.) ஒரு பக்கத்தில் இருப்பது விழாச் செலவு, மறுபக்கத்தில் இருப்பது ஒருவரின் சொத்து. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுத எந்தக் கணக்கனும் துணியமாட்டான். போர்க் கொள்ளை? அது பகிரங்கமாகக் காட்டப்பட்டுப் பொதுக் கருவூலம் சேர்ந்தது என்று போகிறபோக்கில் தாண்டிவிடுகிறார். லூகல்லஸும் பாம்பேயும் படையெடுப்புகளில் குவித்த செல்வம் ஸ்விஃப்டுக்குத் தெரியாததா?

சமாதானம் தேவைப்பட்டது என்றே நானும் எண்ணுகிறேன். பட்டியலின் யோக்கியதை வேறு விஷயம்.

அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த 'நேச நாடுகளின் நடத்தை' என்ற பிரசுரம் இரண்டு மாதங்களில் 11,000 பிரதிகள் விற்றது. 1711 முடிவதற்குள் மார்ல்பரோ பதவி இழந்தார். அந்தப் பிரசுரத்தைப் பற்றி டாக்டர் ஜான்ஸனுக்கு அலட்சியம்தான்: ஸ்விஃப்ட் பத்து வரை எண்ணவேண்டியிருந்தது, சரியாக எண்ணினார், அவ்வளவே என்றார். ரோமாபுரிப் பட்டியலிலும் இருப்பவை பத்து இனங்கள். பதினோராவதை ஏன் எண்ணவில்லை என்று ஜான்ஸன் கேட்டிருக்கலாம்.