போடிநாயக்கனூர்ப் பாளையக்காரர் குடிமுதல்

போடிநாயக்கனூர்ப் பாளையக்காரரின் முதல்வர் சக்கு நாயக்கர் என்றும், அவர் முசுலிம் படையெடுப்புக்கு அஞ்சி 1336இல் ஆந்திர நாட்டுக் குத்தியினின்றும் போந்தவர் என்றும் அக்குடியின் மரபுரை கூறும். இவ்வாண்டு ஐயத்திற்குரியது. விசயநகரம் தோன்றியதாக வழங்கும் ஆண்டும் அதுவே. பேரரசின் தொன்மையைத் தம் குடிக்கும் ஏற்றவேண்டிப் பின்னோர் அதனை எடுத்தாண்டனர் போலும். அன்றியும், அக்காலத்து மதுரையிலேயே சுல்தானியர் ஆட்சி நிலவிற்று. அஞ்சியோடியவர் அவ்வாட்சியின் எல்லைக்கே வந்தது எங்ஙனம்? சிலமலை சார்ந்த மலைச்சாரல் அதற்கு எட்டாப் புகலிடமாயிற்று எனின், தனிச்சான்று வேண்டும். மதுரைப் பாளையங்கள் வகுக்கப்பட்டதோ 16ஆம் நூற்றாண்டில், விசுவநாத நாயக்கர் காலத்தில். குத்தி என்னும் ஊர்ப்பெயரை மட்டும் தள்ளுதற்கில்லை. பெருமை கருதிப் புனைந்திருப்பின் விசயநகரத்தையே பிறப்பிடமாக்கியிருப்பர்.