360 நிமிஷம்: கிரியேட் ஆய்வைப் படித்தபோது

அப்பாவுக்கு முதல் அட்டாக் வந்தது ஒரு டிசம்பர் மாசம். விடியக்காலை ஐந்தரை மணி, ஏற்காட்டில் பக்கத்து வீடு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். "கேஸா இருக்கும்" என்று ஓமத் தண்ணி குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். அப்புறம் வண்டி பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி பதினொன்று. பாதைக்கு ஆனது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மீதி நேரம் வீட்டிலேயே போனது. ஆள் பிழைத்துவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்: சர்க்கரை, பிபி, பீடி, கொழுப்பு. அவர் செய்த தப்புகளின் லிஸ்ட் மாதிரி இருந்தது.

அந்த எரிச்சலில்தான் இதய அடைப்பு பற்றிய ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு, லாக் ஃபைல் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்தக் கண்ணோடுதான் படித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2008ல் லான்செட் இதழில் வந்தது கிரியேட் ஆய்வு. டெனிஸ் சேவியர், பிரேம் பயஸ், சலீம் யூசுஃப் முதலானோர் செய்தது. இந்தியாவின் 50 நகரங்கள், 89 மருத்துவமனைகள், 20,468 நோயாளிகள். வலி தொடங்கி ஆஸ்பத்திரி வந்து சேர ஆன நேரத்தை வரிசையாக அடுக்கினால், நடுவில் நிற்பவருக்கு 360 நிமிஷம். ஆறு மணி நேரம்! ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவுக்கு இதயத் தசை தப்பும். இத்தனைக்கும் ஆய்வில் இருப்பவை நகரத்து ஆஸ்பத்திரிகள். மலைப்பாதையை மட்டும் குறை சொல்ல முடியாது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

ஆனால் கட்டுரையின் உயிர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5 சதவீதம். ஏழைகளுக்குச் சர்க்கரை, புகை, வயது என்று ஏதாவது கூடுதலாக இருந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதையெல்லாம் கணக்கில் சேர்த்துச் சரிசெய்தும் வித்தியாசம் போகவில்லை. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்ததும் போய்விட்டது. கொழுப்பு குறைக்கும் மாத்திரை வசதியானவர்களில் 61.2 சதவீதம் பேருக்கு, ஏழைகளில் 36 சதவீதம் பேருக்கு. ஆஞ்சியோபிளாஸ்டி 15.3க்கு எதிராக வெறும் 2. அப்பா கையில் கொடுத்த தாளில் இந்தக் காரணிக்கு இடமே இல்லை.

இங்கே கொஞ்சம் நிதானிக்கணும். ஆஞ்சியோபிளாஸ்டி நடக்கும் வரை உயிரோடு இருந்தவருக்குத்தான் ஆஞ்சியோபிளாஸ்டி. வந்த முதல் மணி நேரத்தில் இறந்தவர், சிகிச்சை கிடைக்காதவர் கணக்கில் விழுந்துவிடுவார். அதனால் சிகிச்சையின் பங்கு கொஞ்சம் ஊதித் தெரியலாம். மாத்திரையிலேயே இவ்வளவு இடைவெளி இருப்பதால், முடிவு தலைகீழாகும் என்று நான் நினைக்கவில்லை.

30 நாளுக்கு அப்புறம்? அதற்கு நம்ம ஊர் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2012 முதல் 2014 வரை தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி குழு தமிழ்நாட்டில் நடத்திய ஸ்டெமி திட்டம். சின்ன ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸால் இணைத்தார்கள். பக்கத்து ஊரிலேயே ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய இடத்துக்கு ஆஞ்சியோவுக்கு அனுப்புவது. ஆஸ்பத்திரிக்குள் நடந்த மரணம் மாறவே இல்லை: முன்பு 5.8 சதவீதம், பிறகு 5.6. ஓராண்டில் மட்டும் 17.6லிருந்து 14.2ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் இறந்தவர்கள் 134, 179 என்று கொடுத்திருக்கிறார்கள். சதவீதத்தால் திருப்பி வகுத்துப் பாருங்கள். சேர்ந்தது முன்பு 898, பிறகு 1522 பேர். ஓராண்டு நிலவரம் தெரிந்தவர்கள் சுமார் 760, 1260. ஏறத்தாழ 400 பேரின் கதை கணக்கில் இல்லை. வித்தியாசமே 3.4 புள்ளிதான். தவிர இது முன்–பின் ஒப்பீடு. அந்த இடைவெளியில் வேறு என்னென்ன மாறியதோ. திட்டத்தை நான் நம்புகிறேன், அந்த 3.4ஐ அவ்வளவு துல்லியமாக நம்பவில்லை.

எங்கள் வேலையில் ஒரு பாலபாடம் உண்டு: சர்வருக்கு வந்து சேராத கோரிக்கை லாகில் இருக்காது. இரண்டு ஆய்வுக்கும் இது பொருந்தும். சேர்வராயன் மலையின் உள்கிராமத்தில் காபித் தோட்ட வேலைக்குப் போய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்தவர் எந்த ஆய்விலும் நோயாளி இல்லை. ஊரில் "மாரடைப்புல போயிட்டார்" என்பதோடு சரி.

இன்னொரு விதமாகவும் காணாமல் போகலாம். அப்பா இரண்டாம் வருஷமே மாத்திரையை நிறுத்திவிட்டார். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?" 2011ல் வந்த பியூர் ஆய்வில், இந்தியா இருந்த வருமானம் குறைந்த நாடுகள் பிரிவில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் 80 சதவீதம் பேர் தேவையான மருந்து எதையுமே எடுக்கவில்லை. அப்பா ஒன்றும் விதிவிலக்கான பிடிவாதக்காரர் இல்லை போல.

2023லிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பதிவேட்டில் எனக்கு வேண்டியது இரண்டு கட்டம்: வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, ஒரு வருஷம் கழித்து மாத்திரை போடுகிறாரா. அப்பாவுக்கு இரண்டாவது அட்டாக் வந்தபோது சேலத்தில் புதிதாக ஒரு ஃபைல் போட்டார்கள். பழையது யாரிடமும் இல்லை.